ஆரம்பப் பள்ளியில் அம்மைப் பாடம்

(ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பது என்பதைப் பற்றி என்னைப் பேசும்படி இக்கூட்டத்தார் கேட்டுக் கொண்டார்கள். இது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலையாகும். நீங்கள் பயிற்சிப் பள்ளியில் படித்துத் தேறி வந்தவர்கள். நானோ எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்து வாசற்படியை மிதிக்காதவன். பிறகு கற்றுக் கொண்டதெல்லாம் பழைய புத்தகக் கடையிலும், நூல் நிலையத்திலும், இயக்கத் தோழர்களோடு வாதாடியுமேயாகும். ஆகையால் கற்பிக்கும் முறையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால், கற்பிக்கப்பட்டும் கல்லாமல் இருப்பது எப்படி என்பதைப் பற்றிச் சொல்ல எனக்குப் பூரண யோக்கியதை உண்டு. அதையே சொல்லுகிறேன். சரியென்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள், இல்லையேல் தள்ளிவிடுங்கள்.

ஒரே மண்டைக்குள் இருவர்

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது பரீட்சையில் ஒரு கேள்வி வந்தது. "அம்மை குத்தும் முறையைக் கண்டுபிடித்தவர் யார்?" என்பது கேள்வி. "எட்வர்ட் ஜென்னர்" என்று எழுதினேன். வாத்தியார் சிவப்பு மையால் சரி போட்டு மார்க்கும் கொடுத்தார்.

அதே வருஷம் பங்குனி மாதத்தில் எனக்குச் சின்னம்மை போட்டது. உடனே வாசலில் வேப்பிலை செருகினார்கள். "ஆத்தா வந்திருக்கிறாள்" என்றார்கள். மருந்து கொடுக்கக் கூடாது, டாக்டரிடம் போகக் கூடாது, வீட்டில் தாளிக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். ஆத்தா என்மேல் கோபித்துக் கொள்ளும்படி நான் என்ன குற்றம் செய்தேனென்று படுக்கையில் கிடந்து யோசித்தேன். கோயில் தோப்பில் ஒரு மாங்காய் திருடிய ஞாபகம் வந்தது. அதற்காகத்தான் என்று நினைத்து, காய்ச்சலோடு காய்ச்சலாக அழுதேன். தண்ணீர் ஊற்றி, பள்ளிக்கூடம் திரும்பினபோது, எனக்கு மார்க்குப் போட்ட அதே வாத்தியார், "ஆத்தா நல்லபடியாகப் போய்விட்டாளா?" என்று அன்போடு விசாரித்தார்.

தோழர்களே! ஜென்னரும் ஆத்தாளும் என் ஒரே மண்டைக்குள் குடியிருந்தார்கள். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஜென்னர் பரீட்சைக்கு, ஆத்தா காய்ச்சலுக்கு என்று பங்கு பிரித்துக் கொண்டார்கள். ஜென்னர் தடுத்தது பெரியம்மையை, எனக்கு வந்தது சின்னம்மை, இரண்டும் வெவ்வேறு கிருமிகளால் வருபவை என்பதைக்கூட ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. வாத்தியார் மண்டையிலும் இதே பங்கு பிரிவினைதான் இருந்தது. அவர் கெட்டவரல்ல. அவருக்குக் கற்பித்தவர்களும் அப்படியே கற்பித்தார்கள், அவ்வளவுதான்.

பாடங்களுக்குள் வருணாசிரமம்

இது ஏன் ஏற்பட்டது? மனிதர்களுக்குள் வருணாசிரமம் வைத்தது போதாதென்று பாடங்களுக்குள்ளும் நாம் வருணாசிரமம் வைத்திருக்கிறோம். மூன்றாம் வகுப்பு முதற்கொண்டே நம் பிள்ளைகளுக்கு அறிவியல் ஒரு பாடம், சமூக அறிவியல் வேறு பாடம். ஒன்றுக்கொன்று கொள்வினை கொடுப்பினை கிடையாது. விஞ்ஞானப் பாடத்தில் முடிந்த முடிவைச் சொல்லிவிடுகிறோம். அந்த முடிவுக்கு மனிதன் எப்படி வந்தான், எத்தனை முறை தவறினான், யார் எதிர்த்தார்கள், யார் உயிர் போயிற்று என்பதைச் சொல்லுவதில்லை. சரித்திரப் பாடத்தில் ராஜாக்களின் பெயரையும் வருஷத்தையும் சொல்லுகிறோம். அந்த ராஜாக்களைக் கொன்றது எந்தக் கிருமி, அந்தக் காலத்து ஜனங்கள் எதைத் தின்று எதற்குப் பயந்து வாழ்ந்தார்கள் என்பதைச் சொல்லுவதில்லை.

இதனால் என்ன ஆகிறதென்றால், சரித்திரமில்லாத விஞ்ஞானம் பிள்ளைக்கு இன்னொரு வேதமாகிவிடுகிறது. விஞ்ஞானமில்லாத சரித்திரம் இன்னொரு புராணமாகிவிடுகிறது. இரண்டையும் பிள்ளை மனப்பாடம் செய்கிறது. மனப்பாடம் செய்தவனுக்கு ஜென்னரும் ஒன்றுதான், மாரியாத்தாளும் ஒன்றுதான். இரண்டும் பெரியவர்கள் சொன்னது, இரண்டையும் நம்ப வேண்டியது, அவ்வளவே.

ஆகவே நான் சொல்லுவது என்னவென்றால், வருஷத்தில் ஒரு தடவையாவது, மூன்று வார காலமாவது, ஒரே விஷயத்தை எடுத்துக் கொண்டு எல்லாப் பாடங்களையும் அதற்குள் கொண்டு வாருங்கள். சரித்திரம், விஞ்ஞானம், பூகோளம், கணக்கு, தமிழ் ஆகிய ஐந்தும் ஒரே பந்தியில் உட்காரட்டும். எந்த விஷயம் என்று கேட்பீர்களானால், நெசவை எடுக்கலாம், கடிகாரத்தை எடுக்கலாம், கிரகணத்தை எடுக்கலாம். நான் பெரியம்மையை எடுத்துக் காட்டுகிறேன். ஏனென்றால் மனித ஜாதி பூண்டோடு ஒழித்த ஒரே மனித நோய் அதுதான். அது எப்படி ஒழிந்தது என்று தெரிந்த பிள்ளைக்குப் பகுத்தறிவைப் பற்றித் தனியாகப் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை.

பாட்டியின் கையிலுள்ள சரித்திரம்

முதல் வாரம் புத்தகமே வேண்டாம். பிள்ளைகளை அவரவர் வீட்டுத் தாத்தா பாட்டிகளிடம் அனுப்புங்கள். "உங்கள் கையில் அம்மை குத்திய தழும்பு இருக்கிறதா? நீங்கள் எந்த வருஷம் பிறந்தீர்கள்? பெரியம்மை கண்டவர் யாரையாவது பார்த்திருக்கிறீர்களா?" என்று மூன்றே கேள்விகள். விடைகளைக் கரும்பலகையில் பிறந்த வருஷப்படி வரிசையாக எழுதுங்கள். தாத்தா பாட்டிகளில் பெரும்பாலோருக்கு வட்டமான பெரிய தழும்பு இருக்கும். சிலருக்கு இரண்டு மூன்றுகூட இருக்கும். பிள்ளைகளுக்கும் அவர்களுடைய அப்பா அம்மாவுக்கும் இருப்பது, காசநோய்க்காகக் குழந்தைப் பருவத்தில் போட்ட ஊசியின் சிறு தழும்பு. இரண்டும் வேறு என்பதை வாத்தியார் முன்னதாகவே காட்டிவிட வேண்டும்.

அப்போது ஒரு பிள்ளை எழுந்து, "பாட்டிக்கு இருக்கிறது, அம்மாவுக்கு ஏன் இல்லை?" என்று கேட்கும். அந்தக் கேள்வி வரும்வரை வாத்தியார் வாயைத் திறக்கக் கூடாது. ஏனெனில் அந்தக் கேள்விதான் பாடம். நோய் ஒழிந்தது, ஆதலால் 1970களின் கடைசியில் அம்மை குத்துவதை நிறுத்தினார்கள், ஆதலால் அம்மாவுக்குத் தழும்பில்லை என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். சாட்சியம் சேகரித்து, வரிசைப்படுத்தி, காரணம் தேடினால் அது சரித்திரம். அதையே விஞ்ஞானம் என்றாலும் தப்பில்லை. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று அந்த வகுப்பு அன்றைக்கே தெரிந்து கொள்ளும்.

ராஜாக்களின் கதையையும் இங்கே சொல்லலாம். இங்கிலாந்து ராணி இரண்டாம் மேரி 1694இல் இந்த நோயால் இறந்தாள். பிரான்ஸ் ராஜா பதினைந்தாம் லூயி 1774இல் இதனால் இறந்தான். கோட்டை, கொத்தளம், குருமார், பிரார்த்தனை எதற்கும் குறைவில்லாதவர்கள். கிருமி, ராஜா வீட்டையும் சக்கிலியர் வீட்டையும் ஒன்றாகவே பாவித்தது. நம் நாட்டில் அந்த அளவு சமத்துவம் கிருமிக்குத்தான் இருந்தது.

நாலு தேசம், நாலு சடங்கு

இரண்டாவது வாரம் சுவரில் ஒரு தேசப் படத்தை மாட்டுங்கள். பெரியம்மை ஒருமுறை கண்டவருக்கு மறுமுறை காணாது என்பதைப் பல தேசத்தார் ஆதி காலத்திலேயே கவனித்திருக்கிறார்கள். அதைக் கொண்டு, லேசான அம்மையை வேண்டுமென்றே வரவழைத்துப் பிழைத்துக் கொள்ளும் முறையையும் கண்டார்கள். சீனாவில் அம்மைப் பொருக்கைப் பொடியாக்கி மூக்கில் ஊதினார்கள். நம் வங்காளத்தில் டீக்காதாரர் என்கிறவர்கள் ஊர் ஊராகப் போய், கையில் கீறி அம்மைச் சீழைத் தடவினார்கள். கூடவே சீதளா தேவிக்குப் பூஜையும் செய்தார்கள். இதை ஹால்வெல் என்னும் வெள்ளைக்கார வைத்தியர் 1767இல் எழுதியிருக்கிறார். துருக்கியில் கிழவிகள் ஊசியால் இதைச் செய்தார்கள். மேரி வோர்ட்லி மாண்டேகு என்னும் ஆங்கிலச் சீமாட்டி, தானே அம்மையால் முகம் கெட்டவள், கான்ஸ்டாண்டினோபிளில் அதைப் பார்த்து, 1718இல் தன் மகனுக்குச் செய்வித்தாள். ஆப்பிரிக்காவிலும் இம்முறை இருந்தது. அங்கிருந்து பிடித்துக் கொண்டு போகப்பட்டு அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் அடிமையாயிருந்த ஒனிசிமஸ் என்பவர், காட்டன் மாதர் என்னும் தன் எஜமானப் பாதிரிக்குக் கையிலிருந்த தழும்பைக் காட்டி அதை விளக்கினார்.

இப்போது வாத்தியார் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "வங்காளத்தில் பலன் கொடுத்தது பூஜையா, கீறலா?" என்பதே அது. பதிலை நீங்கள் சொல்ல வேண்டாம். பிள்ளைகள் ஒரு பட்டியல் போடட்டும். வங்காளத்தில் சீதளா பூஜை உண்டு, கீறலும் உண்டு. துருக்கியில் சீதளா இல்லை, கீறல் உண்டு. ஆப்பிரிக்காவிலும் சீதளா இல்லை, கீறல் உண்டு. சீனாவில் கீறலும் இல்லை, மூக்கில் பொடி. ஆனால் நாலு இடத்திலும் பலன் உண்டு. நாலு இடத்துக்கும் பொதுவாயிருந்தது எது? தெய்வம் பொதுவல்ல, மந்திரம் பொதுவல்ல, ஊசிகூடப் பொதுவல்ல. அம்மைப் பொருள் உடம்புக்குள் போனது ஒன்றுதான் பொது. பத்து வயதுப் பிள்ளை இந்தப் பட்டியலைப் போட்டுவிட்டால் பிறகு எந்த மடாதிபதியாலும் அதன் மூளையை அசைக்க முடியாது.

பார்த்தீர்களா தோழர்களே! இதற்குத்தான் சரித்திரம் வேண்டும் என்கிறேன். நாம் நாலு தேசத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக் கொண்டு போய்ப் பரிசோதனை செய்து காட்ட முடியாது. சரித்திரம் அந்தப் பரிசோதனைகளை ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. காசில்லாத பள்ளிக்கூடத்துக்குச் சரித்திரமே பரிசோதனைச் சாலை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். "எல்லாம் நம் முன்னோர்கள் கண்டதுதான்" என்று ஒரு கூட்டம் மார்தட்டிக் கொள்ளுகிறது. வங்காளத்து டீக்காதாரர்களின் கைத்திறமையை நாம் மறுக்க வேண்டியதில்லை, தாராளமாய்ப் பாராட்டலாம். ஆனால் அதே அறிவு துருக்கிக் கிழவிக்கும் ஆப்பிரிக்க அடிமைக்கும் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அறிவு ஒரு ஜாதிக்கும் ஒரு தேசத்துக்கும் எழுதி வைத்த மானியமல்ல.

புளியங்கொட்டைக் கணக்கு

பாஸ்டன் நகரத்தில் 1721இல் பெரியம்மை பரவிற்று. ஒனிசிமஸ் சொன்ன முறையை மாதர் எடுத்துச் சொல்ல, பாய்ல்ஸ்டன் என்னும் வைத்தியர் சுமார் 240 பேருக்குச் செய்தார். நகரத்தில் கிளர்ச்சி உண்டாயிற்று. மாதர் வீட்டுக்குள் வெடிகுண்டே எறிந்தார்கள். கறுப்பு அடிமை சொன்ன வைத்தியமா என்று இகழ்ந்தவர்களும், கடவுள் கொடுக்கும் நோயைத் தடுக்கலாமா என்றவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஆனால் கணக்கு என்ன சொல்லிற்று? சாதாரணமாக நோய் கண்டவர்கள் 6,000 பேருக்குச் சற்றுக் குறைவு. செத்தவர்கள் 844 பேர். அதாவது நூற்றுக்குப் பதினாலு பேர். பாய்ல்ஸ்டன் கீறினவர்களில் செத்தவர்கள் 6 பேர். அதாவது நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்.

இதைச் சதவீதம் என்று சொன்னால் பிள்ளைக்கு ஓடாது. நூறு புளியங்கொட்டையைத் தரையில் பரப்பி அதிலிருந்து பதினாலை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் இன்னொரு நூறைப் பரப்பி இரண்டை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். "நீ எந்தக் குவியலில் இருக்க ஆசைப்படுவாய்?" என்று கேளுங்கள். கூடவே, "இரண்டு கொட்டையும் ஒவ்வொரு தாயின் பிள்ளை அல்லவா? அதைவிட நல்ல வழி இல்லையா?" என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியே பிள்ளைகளை ஜென்னரிடம் கொண்டு போய் விடும்.

ஜென்னர் சாமி வேண்டாம்

மாட்டம்மை என்று ஒன்று உண்டு. பால் கறக்கிறவர்கள் கையில் கொப்புளம் போடும், பெரிய ஆபத்தில்லை. அது கண்டவர்களுக்குப் பெரியம்மை வருவதில்லை என்பது இங்கிலாந்து நாட்டுப்புறத்தில் குடியானவர்களுக்குத் தெரியும். பெஞ்சமின் ஜெஸ்டி என்னும் ஒரு விவசாயி 1774இலேயே தன் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் மாட்டம்மைச் சீழை ஊசியால் ஏற்றினார். ஊரார் அவரைத் திட்டினார்கள். 1796 மே 14ந் தேதி ஜென்னர் என்னும் வைத்தியர், சாரா நெல்ம்ஸ் என்னும் பால்காரப் பெண்ணின் கைக்கொப்புளத்திலிருந்து எடுத்து, தன் தோட்டக்காரரின் எட்டு வயது மகன் ஜேம்ஸ் பிப்ஸ் என்பவனுக்கு ஏற்றினார். பிறகு ஜூலை மாதத்தில் பெரியம்மைச் சீழையே அவனுக்கு ஏற்றிப் பார்த்தார். நோய் வரவில்லை. பல பேருக்குச் செய்து பார்த்து, 1798இல் புத்தகமாக அச்சிட்டு, "நீங்களும் செய்து பாருங்கள்" என்று உலகத்துக்குக் கொடுத்தார். ஜெஸ்டிக்கும் ஜென்னருக்கும் இதுதான் வித்தியாசம். சோதித்ததும், எழுதி வைத்ததும், ஒளிக்காமல் கொடுத்ததும்தான் ஜென்னரின் பெருமை.

இது ஏன் பலிக்கிறது என்று பிள்ளைக்கு எப்படிச் சொல்லுவது? ஊர்க் காவல்காரனை உதாரணம் காட்டுங்கள். திருடனை ஒருமுறை பார்த்த காவல்காரன் மறுமுறை தூரத்திலேயே அடையாளம் கண்டு மடக்குவான். மாட்டம்மைக் கிருமி அந்தத் திருடனுடைய தம்பி. முகஜாடை ஒன்று, ஆனால் சாது. தம்பியைப் பார்த்து வைத்த காவல்காரன் அண்ணன் வந்தாலும் விடமாட்டான். நம் இரத்தத்தில் அப்படிப்பட்ட காவல்காரர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் தோழர்களே! ஆத்தாவை இறக்கிவிட்டு அந்தப் பீடத்தில் ஜென்னரை ஏற்றி வைத்துக் கற்பூரம் காட்டும்படி நான் சொல்லவில்லை. பிள்ளைகளிடம் இதையும் கேளுங்கள்: "தோட்டக்காரர் மகனுக்குப் பதிலாகப் பிரபுவின் மகனுக்குச் செய்து பார்த்திருப்பார்களா? அவனை யார் சம்மதம் கேட்டார்கள்?" 1803இல் ஸ்பெயின் தேசத்திலிருந்து அமெரிக்கக் கண்டத்துக்கு அம்மைப்பாலைக் கொண்டு போனபோது, ஐஸ் பெட்டியில்லாத காலமாகையால், 22 அனாதைப் பையன்களைக் கப்பலில் ஏற்றி, ஒருவன் கையிலிருந்து மற்றொருவன் கைக்கு மாற்றி மாற்றிக் கொண்டு போனார்கள். நம் நாட்டுக்கும் அப்படியே கை மாறிக் கை மாறி பாக்தாது, பாஸ்ரா வழியாக வந்து, 1802 ஜூன் 14ந் தேதி பம்பாயில் அன்னா டஸ்டால் என்னும் மூன்று வயதுப் பெண்குழந்தைக்கு முதன்முதலில் குத்தினார்கள். உலகம் பிழைத்ததில் ஏழைப் பிள்ளைகளின் உடம்புக்கும் பங்கு உண்டு. இதைத் தெரிந்து கொண்ட பிள்ளை விஞ்ஞானத்தையும் கண்ணை மூடிக் கொண்டு கும்பிடாது.

வெள்ளைக்காரரெல்லாம் புத்திசாலிகள், நாம்தான் மூடர்கள் என்ற எண்ணமும் வரக்கூடாது. அம்மை குத்திக் கொண்டால் உடம்பில் மாட்டுத் தலை முளைக்கும் என்று 1802இல் லண்டனில் கேலிச் சித்திரமே போட்டு விற்றார்கள். மூடத்தனத்துக்கும் தேசம் கிடையாது.

ஒழிந்த விதம்

மூன்றாவது வாரம் ஒழிந்த கதை. சென்னை கிண்டியிலுள்ள கிங் இன்ஸ்டிடியூட், 1899இல் அம்மைப்பால் தயாரிக்கும் இடமாகத் தொடங்கியதுதான். அப்படியிருந்தும் 1967இல்கூட உலகத்தில் ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு இந்நோய் கண்டது. அந்த ஆண்டில்தான் உலக சுகாதார ஸ்தாபனம் ஒழிப்பு வேலையைத் தீவிரப்படுத்தியது. கவை போல் இரண்டு முனையுள்ள ஒரு சின்ன ஊசியைக் கொண்டு, நோய் கண்ட வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, அவ்வீட்டைச் சுற்றியுள்ளவர்களுக்கெல்லாம் குத்தி, வேலி போட்டுத் தடுத்தார்கள். தகவல் கொடுப்பவருக்கு நம் சர்க்கார் வெகுமதி கொடுத்தது; 1975இல் அது ஆயிரம் ரூபாயாயிற்று. பள்ளிக்கூடங்களுக்குப் போய், அம்மை கண்ட குழந்தையின் படத்தைக் காட்டி, "இப்படி யாரையாவது பார்த்தாயா?" என்று பிள்ளைகளையே கேட்டார்கள். பெரியவர்கள் ஒளித்ததைப் பிள்ளைகள் சொன்னார்கள். ஆகவே இது பிள்ளைகளும் சேர்ந்து செய்த சரித்திரம். இதை உங்கள் வகுப்பில் சொல்லும்போது ஒவ்வொரு முகமும் எப்படி மலரும் என்று பாருங்கள்.

வேலி எப்படித் தடுக்கிறது என்பதை மைதானத்தில் விளையாட்டாகக் காட்டலாம். ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் மஞ்சள் பொடியைத் தடவி, எல்லோரோடும் கை குலுக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷத்தில் எத்தனை கை மஞ்சளாயிற்று என்று எண்ணுங்கள். மறுபடி, பாதிப் பிள்ளைகள் கையைக் கட்டிக் கொண்டு நிற்கட்டும். இம்முறை எத்தனை? அம்மை பரவியது கையால் மட்டுமல்ல, மூச்சாலும், கொப்புளச் சீழ் பட்ட துணியாலும் என்பதைச் சொல்லிவிட்டு இதைச் செய்யுங்கள். மஞ்சளுக்கு இது ஒரு புது உத்தியோகம்.

1974இல் உலகில் கண்ட பெரியம்மை நோயாளிகளில் பெரும்பாலோர் இந்தியாவில்தான் இருந்தார்கள். தென்னாட்டில் அதற்கு முன்பே அடங்கிவிட்டது. 1975 மே மாதத்துக்குப் பிறகு இந்தியாவில் ஒருவருக்குமில்லை. 1977 அக்டோபரில் சோமாலியா தேசத்தில் அலி மாவ் மாலின் என்னும் ஆஸ்பத்திரி சமையற்காரருக்குக் கண்டு பிழைத்ததோடு உலகத்தில் இயற்கையாகப் பரவுவது நின்றது. அவர் ஊசிக்குப் பயந்து குத்திக் கொள்ளாமலிருந்தவர். பிற்காலத்தில் இளம்பிள்ளை வாதத் தடுப்பு வேலையில் சேர்ந்து, தன் கதையையே சொல்லித் தாய்மார்களைச் சம்மதிக்க வைத்தார். 1980 மே 8ந் தேதி பெரியம்மை ஒழிந்ததென்று உலகத்துக்கு அறிவித்தார்கள். ஆத்தாவின் கோபமென்று நாம் நடுங்கிய அந்தக் கிருமி இன்று அமெரிக்காவில் ஓரிடத்திலும் ரஷ்யாவில் ஓரிடத்திலும் குளிர்ப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஊற்றிய கூழுக்கு அடங்காதது, கவை ஊசிக்குப் பத்தே வருஷத்தில் அடங்கிற்று.

ஆட்சேபனைகள்

"பாடத்தை முடிக்க நேரமில்லையே" என்பீர்கள். மூன்று வாரத்தில் கணக்கு, பூகோளம், சரித்திரம், விஞ்ஞானம், கட்டுரை எல்லாம் ஒரே ஓட்டத்தில் நடந்துவிடுவதால் நேரம் மிச்சமாகுமே தவிர நஷ்டமாகாது.

"மத உணர்ச்சி புண்படும், பெற்றோர் சண்டைக்கு வருவார்கள்" என்பீர்கள். நியாயமான பயம். நான் மேடையில் பேசுகிற மாதிரி நீங்கள் வகுப்பில் பேச வேண்டாம். பிள்ளையின் பாட்டி கும்பிடும் சாமியைப் பிள்ளைக்கு முன் திட்டுவது கற்பித்தலாகாது. வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் வெளியார் போகாதிருந்தது நோய் பரவாமலிருக்க ஓரளவு உதவியிருக்கும் என்பதையும் ஒப்புக் கொள்ளுங்கள். நீங்கள் கேள்வியை மட்டும் கேளுங்கள். பட்டியலை மட்டும் போடச் சொல்லுங்கள். விஞ்ஞான மனப்பான்மையையும் விசாரித்தறியும் தன்மையையும் வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனுக்கும் கடமை என்று அரசியல் சட்டம் 51ஏ பிரிவில் 1976 முதல் எழுதப்பட்டிருக்கிறது. கேள்வி கேட்பது சட்டப்படியான கடமையே தவிரக் குற்றமல்ல.

"ஒழிந்து போன நோய்க்கு இப்போது பாடமெதற்கு?" என்பீர்கள். நோய் ஒழிந்தது, வேப்பிலை ஒழிந்ததா? இன்றைக்கும் சின்னம்மையோ தட்டம்மையோ கண்டால் டாக்டரிடம் போகாத வீடுகள் இருக்கின்றன. தட்டம்மையால் 2023இல் மாத்திரம் உலகத்தில் லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் செத்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள், பெரும்பாலும் குழந்தைகள். நம் நாட்டில் 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லாத் தடுப்பூசி போட வந்தபோது என்ன நடந்தது? வாட்சப்பில் வந்த புரளியை நம்பி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பாமல் வைத்துக் கொண்டவர்கள் எத்தனை பேர்! அவர்களில் படித்தவர்கள் இல்லையா? ஜென்னர் பெயரை எழுதி மார்க்கு வாங்கினவர்கள் இல்லையா? இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன்.

குற்றவாளி யார்?

கடைசியாக ஒரு சங்கதி. என் பாட்டியாருக்கு முகமெல்லாம் அம்மைத் தழும்பு. ஒரு கண்ணில் பார்வையில்லை. அவர்களுடைய தலைப்பிள்ளை நாலு வயதில் பெரியம்மையால் இறந்தது. ஊருக்கு அம்மை குத்துகிறவர் வந்த அன்று, அப்பிள்ளையைக் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்களாம். குத்திக் கொண்ட பக்கத்து வீட்டுப் பிள்ளை இன்று பேரன் பேத்தி எடுத்திருக்கிறது. என் பாட்டியார் சாகிறவரைக்கும், ஊசிக்கு ஒளித்ததை நினைத்து வருந்தவில்லை. ஆத்தாவுக்கு நேர்ந்து கொண்ட சேவலைக் காலத்தில் கொடுக்காததால்தான் பிள்ளை போயிற்று என்று தன்னையே நொந்து கொண்டிருந்தார்கள். ஒரு கிருமி செய்த கொலைக்கு ஒரு தாய் அறுபது வருஷம் குற்றவாளியாக வாழ்ந்தாள். மாங்காய் திருடியதற்காக அழுதேனே, அந்த அழுகையும் அதே ஜாதியைச் சேர்ந்ததுதான்.

மூடநம்பிக்கையினால் நோய் தீருவதில்லை என்பது சின்ன விஷயம். நோயாளியையே குற்றவாளியாக்கி, அவனுடைய சுயமரியாதையைப் பறிப்பதுதான் அதன் பெரிய கொடுமை. "நீ பாபம் செய்தாய், ஆதலால் உனக்கு வந்தது" என்பதும், "நீ முன் ஜன்மத்தில் பாபம் செய்தாய், ஆதலால் கீழ்ஜாதியில் பிறந்தாய்" என்பதும் ஒரே நாக்கு பேசின பேச்சல்லவா? அம்மைக்குக் காரணம் கிருமி, பாபமல்ல என்று சாட்சியத்தோடு கண்டுபிடித்த பிள்ளை, நாளைக்கு ஜாதிக்கும் வறுமைக்கும் காரணம் என்ன என்று தானே தேடப் புறப்படும். அந்தத் தேடலைத் தொடங்கி வைக்கிற இடம் மேடையல்ல. உங்கள் ஐந்தாம் வகுப்புத்தான்.

நான் சொன்ன தேதிகளையும் கணக்குகளையும்கூட நான் சொன்னதற்காக ஒப்புக் கொள்ளாதீர்கள். புத்தகத்தைப் புரட்டிச் சரிபார்த்து, தப்பிருந்தால் எனக்குச் சொல்லுங்கள். சரியிருந்தால் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.